மலை இறங்கும் காருக்குத் துளையிட்ட டிஸ்கா, காடி வெட்டிய டிஸ்கா: அறிகுறி பார்த்து முடிவு செய்யும் வழிமுறை

மலைப்பாதையில் ஒருமுறை பிரேக் கைகொடுக்காமல் போய்விட்டால், அந்தக் காரின் உரிமையாளர் மறுவாரமே டிஸ்கை (பிரேக் பிடிக்கும்போது உரசப்படும், சக்கரத்தோடு சுழலும் தட்டை) மாற்றிவிட நினைப்பது இயல்பு. கடையில் விசாரித்தால் சாதா டிஸ்க், துளையிட்ட டிஸ்க், காடி (முகத்தில் நீளவாக்கில் வெட்டிய பள்ளம்) வெட்டிய டிஸ்க் என மூன்று வகைகளைக் காட்டுவார்கள். பார்வைக்கு எடுப்பாக இருப்பது துளையிட்டதுதான் என்பதால் பலரும் அதையே கையில் எடுக்கிறார்கள். நீலகிரியில் கார் வைத்திருப்பவர்களும், கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஏறி வருபவர்களும், அந்த முடிவுக்கு வருமுன் தங்கள் பிரேக் காட்டிய அறிகுறி எது என்பதைத் துல்லியமாக நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். மலையில் தலைகாட்டும் பிரேக் கோளாறுகளில் பெரும்பாலானவை டிஸ்கின் முகத்தில் துளை இல்லாததாலோ காடி இல்லாததாலோ வருவதில்லை. பழைய பிரேக் ஆயிலாலும், டிஸ்கை உரசிப் பிடிக்கும் பேட் தரம் குறைந்திருப்பதாலும், அந்தப் பேடை அழுத்தும் காலிப்பர் இறுகிப்போவதாலும், எல்லாவற்றுக்கும் மேலாக இறக்கத்தில் தவறான கியரில் வருவதாலும் வருகின்றன.

அறிகுறிகளுக்குள் போகுமுன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த 1,900 மீட்டரையும் இறங்கி முடிக்கும்போது, ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது செலவழித்தாக வேண்டும். அதே கார் சமவெளியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் போட்டு நிற்கும்போது வெளிப்படுவது சுமார் 5 லட்சத்து 40 ஆயிரம் ஜூல் மட்டுமே. அதாவது உதகையிலிருந்து இறங்குவது, நெடுஞ்சாலையில் முழு வேகத்திலிருந்து நாற்பத்தெட்டு முறை நிற்பதற்குச் சமம். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி சரியும் பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், ஒவ்வொரு நொடியும் சுமார் 9,500 ஜூல், அதாவது 9,500 வாட் அளவுக்கு, ஆற்றல் விடுபடுகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஒன்பது பத்தை ஒரே நேரத்தில் போட்டுவைத்தால் எழும் வெப்பம் அது. அந்த வேகத்தில் காற்றும் டயரும் எடுத்துக்கொள்வது சிறு பங்குதான். இரண்டாம் கியரில் வந்தால் எஞ்சின் ஒரு பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும்; நியூட்ரலில் வந்தால் மீதி முழுவதும் டிஸ்கின் தலையில் விழும்.

டிஸ்க் வெப்பத்தை முதலில் தன் எடையில் வாங்கிவைத்துக்கொண்டு, பிறகு காற்றுக்கு விடுகிறது. காரின் டிஸ்குகள் பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனவை. முன் டிஸ்குகள் இரண்டும் சேர்ந்து 10 கிலோ இருந்தால், மேலே சொன்ன 100 கிலோமீட்டர் நிறுத்தம் ஒன்றே அவற்றின் வெப்பநிலையை ஏறத்தாழ 80 டிகிரி உயர்த்திவிடும். துளையிடும்போது இரும்பு குறைகிறது, வெப்பத்தை வாங்கும் திறனும் அந்த அளவுக்குக் குறைகிறது. காடி வெட்டும்போதும் குறைகிறது. ஆனால் காடி மேலோட்டமானது என்பதால் இழப்பு சொற்பம். குளிர்ச்சிக்கு உண்மையில் உதவுவது இரண்டு தட்டுகளுக்கு நடுவே காற்று ஓடும் இடைவெளி விட்டு வார்க்கப்பட்ட டிஸ்க்தான். சில சிறிய கார்களில் முன்சக்கரத்திலும் இடைவெளியில்லாத ஒற்றைத் தட்டு டிஸ்கே இருக்கிறது. அத்தகைய டிஸ்கில் துளையிட்ட வகையைத் தேடுவது கைமுதலையே குறைத்துக்கொள்வதாகும்.

துளை எதற்காக வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய காலத்துப் பேடுகளில் பிணைப்புப் பொருளாக இருந்த பிசின் சூடேறும்போது வாயுவை வெளியிட்டது. அந்த வாயு பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே தங்கிப் பிடிப்பைக் குறைத்தது. அது வெளியேறத் துளையும் காடியும் வழிவிட்டன. இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போது துளைக்கு மிஞ்சியிருக்கும் பயன்கள் மழைநீர் விலகுவது, சிறிது எடை குறைவது, அழகாகத் தெரிவது ஆகிய மூன்றுதான். மோட்டார் சைக்கிள்களில் எல்லாம் துளையிட்ட டிஸ்க்தானே இருக்கிறது என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. அது மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தட்டு; முழுக்கக் காற்றில் வெளியே நிற்கிறது; தாங்க வேண்டிய எடையும் மிகக் குறைவு. போர்ஷே போன்ற நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே துளையிட்ட டிஸ்கைப் பொருத்துகின்றன என்பதும் உண்மையே. ஆனால் அவை தேவையைவிடப் பெரிய டிஸ்குகள். துளைகளின் இடமும் விளிம்பும் வடிவமைப்பிலேயே கணக்கிடப்பட்டவை. நம் ஊர்ச் சிறிய காருக்குச் சந்தையில் கிடைக்கும் துளையிட்ட டிஸ்குக்கு அந்த நியாயத்தைப் பொருத்திப் பார்க்க முடியாது.

இறக்கத்தின் நடுவில் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது

குன்னூரைத் தாண்டிக் காட்டேரி, மரப்பாலம் என்று இறங்கி வரும்போது பெடல் மெல்ல மெல்ல ஆழமாகப் போகத் தொடங்கி, பர்லியாறு வருவதற்குள் காலுக்கடியில் எதுவுமே இல்லாததுபோல் ஆகிவிட்டால், பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். டிஸ்கின் சூடு பேடு வழியாகக் காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலை அடைகிறது. அதில் கலந்திருக்கும் நீர் ஆவியாகிக் குமிழாகிறது. குமிழை அழுத்தினால் அது சுருங்குமே ஒழிய, அழுத்தத்தைப் பேடுக்குக் கடத்தாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. பிரேக் ஆயிலின் தரத்தை டாட் என்ற குறியால் வகைப்படுத்துகிறார்கள். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு அந்த எண்கள் 230, 155. டாட் 5.1 வகைக்கு 260, 180. ஆண்டின் பாதி நாள் மூடுபனியும் மழையும் இருக்கும் குன்னூர், கோத்தகிரி போன்ற ஊர்களில் நிறுத்திவைக்கப்படும் காருக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதுமாக மாற்றிவிடுவது கட்டாயம் என்றே நான் கருதுகிறேன். மேலாக ஊற்றி அளவைச் சரிசெய்வது மாற்றுவது ஆகாது. கொதிப்பது காலிப்பரில் கிடக்கும் பழைய ஆயில்தான், அதை நான்கு சக்கரங்களிலும் வெளியேற்ற வேண்டும். உங்கள் கார் எந்த வகையைக் கேட்கிறது என்பது ஆயில் கிண்ணத்தின் மூடியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை மற்றவற்றுடன் கலந்துவிடக் கூடாது.

இதே அறிகுறி காலையில் வண்டி எடுக்கும்போதே, டிஸ்க் குளிர்ந்திருக்கும் நிலையிலேயே தெரிந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம் அல்லது எங்கோ கசிவு இருக்கலாம். பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்போது அது தானாகவே மெதுவாக இறங்கிக்கொண்டே போனால், பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். பின்சக்கரத்தில் டிஸ்குக்குப் பதில் டிரம் (உள்ளிருந்து லைனிங் என்ற உராய்வுப் பட்டை விரிந்து உரசும் உருளை) உள்ள கார்களில் இன்னொன்றும் நடக்கும்: சூட்டில் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகுவதால் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போகும், ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பும். இந்த நான்கில் எதற்கும் டிஸ்கை மாற்றுவது தீர்வாகாது.

வழியிலேயே இது நேர்ந்தால் பெடலை விரைவாகப் பலமுறை மிதித்து அழுத்தத்தை ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு கியராகக் கீழே இறக்குங்கள். கைப்பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் சிறிது சிறிதாக இழுங்கள். வேறு வழியே இல்லையென்றால் மலைச்சுவர் பக்கமாக வண்டியை உரசவிட்டாவது நிறுத்துங்கள். நின்ற பிறகு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட வேண்டும். ஆறியதும் பெடல் கெட்டியாகிவிடும் என்பதுதான் இந்தக் கோளாறின் ஆபத்தான முகம். சரியாகிவிட்டது என்று நம்பி மறுபடியும் அதே ஆயிலோடு மலை இறங்குபவர்கள் பலர்.

பெடல் கெட்டியாக நிற்கிறது, வண்டி நிற்க மறுக்கிறது

கருகிய நெடி வருகிறது, பெடல் உயரமாகவும் உறுதியாகவும் இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வேகம் குறைவதில்லை என்றால், பேடின் உராய்வுத்திறன் சூட்டில் விழுந்துவிட்டது என்று பொருள். முந்தைய அறிகுறிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கால் உணர்ந்து சொல்லிவிடும்; ஆகவே பட்டறைக்குப் போகும்போது, பிரேக் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லாமல், பெடல் எப்படி இருந்தது என்பதைச் சொல்லுங்கள்.

பேடின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் குறியீட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அடுத்தடுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பநிலையில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது சூடேறிய நிலையில் எவ்வளவு என்பதையும் காட்டுகின்றன. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப் ஈ என்று இருந்தால் சூட்டில் பிடிப்பு குறைகிறது என்று அந்தப் பேடே சொல்லிவிடுகிறது. மலைக்கு வாங்கும்போது எஃப் எஃப் அல்லது அதற்கு மேற்பட்டதைத் தேடுவது விவேகம். விலை மலிவு என்று பெயர் தெரியாத பேடைப் போட்டுவிட்டு, டிஸ்குக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுவது தலைகீழான செலவு.

சூடேறிய பேடின் முகம் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடுவதும் உண்டு. காடி வெட்டிய டிஸ்க் தன் பயனைக் காட்டும் இடம் இதுதான்: ஒவ்வொரு சுற்றிலும் காடியின் விளிம்பு பேடின் முகத்தை மெல்லச் சுரண்டி, வழவழப்பான படலத்தையும் பொடியையும் அப்புறப்படுத்துகிறது. அதற்குக் கொடுக்கும் விலை, பேட் சற்று வேகமாகத் தேய்வதும் மெல்லிய இரைச்சல் எழுவதும்தான். வாடகைக்கு ஓடும் வண்டி, தினந்தோறும் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி ஏறும் வண்டி, எப்போதும் முழுப் பாரத்தோடு போகும் வண்டி ஆகியவற்றுக்கு அந்த விலை தகும். மாதம் ஒருமுறை இறங்கும் குடும்பக் காருக்கு நல்ல பேடும் சாதா டிஸ்குமே போதும்.

நெடியே இல்லாமல், சூடே இல்லாமல் பெடல் கல்லாக இருந்தால், மிதிப்பின் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டரைப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள், கெட்டியாகும். அப்படியே மிதித்துப் பிடித்தபடி எஞ்சினை இயக்குங்கள். பெடல் சிறிது கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாமலே இருந்தால் பூஸ்டரிலோ அதற்கு வரும் குழாயிலோ கோளாறு. பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருளவிடும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அணைத்த பிறகு இரண்டு மூன்று மிதிப்புகளுக்கு மேல் பூஸ்டரின் உதவி கிடைக்காது, ஸ்டியரிங்கும் கனத்துவிடும், எஞ்சினின் பிடிப்பும் போய்விடும். இவ்வளவையும் இழந்து மிச்சமாகும் பெட்ரோலோ மிகச் சிறிது. இன்றைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திக்கொள்கின்றன.

பிரேக் போட்டால் ஸ்டியரிங் உதறுகிறது

டிஸ்க் வளைந்துவிட்டது என்று இதற்குப் பெயர் சூட்டி உடனே புது டிஸ்க் வாங்கவைப்பது பரவலான வழக்கம். உண்மையில் வார்ப்பிரும்பு டிஸ்க் வளைவது அரிது. பெரும்பாலும் நடப்பது, டிஸ்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிப்போவதுதான். மில்லிமீட்டரில் நூறில் ஒன்று இரண்டு பங்கு மாறினாலே கைக்கு உதறல் தெரிந்துவிடும். இந்த மாற்றம் இரண்டு வழிகளில் வருகிறது.

ஒன்று, நன்றாகச் சூடேறிய டிஸ்கின் மேல் பேடை அழுத்தியபடியே வண்டியை நிறுத்திவைப்பது. கோடை சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் போக்குவரத்து ஏற்பாடு செய்யப்படும் நாட்களில், இறங்கும் வரிசை ஊர்ந்தும் நின்றும் நகர்கிறது. ஓட்டுநரின் கால் பெடலை விட்டு எடுபடுவதே இல்லை. பேட் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அதன் பொருள் டிஸ்கில் ஒட்டிப் படிகிறது; அந்த இடம் அடுத்தடுத்த பிரேக்குகளில் அதிகம் சூடாகிறது; மீண்டும் மீண்டும் சூடேறும் இடத்தில் இரும்பின் உள்ளமைப்பே மாறிக் கெட்டித் திட்டாகிவிடுகிறது. டிஸ்கின் முகத்தில் நீல நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரிவது அந்தச் சூட்டின் தடம். ஆகவே சூடான பிரேக்கோடு நிற்க நேர்ந்தால், இடம் இருக்கும்போது சில அங்குலம் முன்னே நகர்ந்து நிற்பதும், சமதளமாக இருந்தால் பெடலை விட்டுவிட்டுக் கைப்பிரேக்கில் நிறுத்துவதும் நல்லது.

மற்றொன்று, டிஸ்க் ஹப்பின் (டிஸ்கும் சக்கரமும் பொருத்தப்படும் நடுப்பகுதியின்) மேல் நேராக உட்காராதது. இடையில் துருவோ மண்ணோ இருந்தாலும், சக்கரப் போல்ட்டுகளை ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வாக இறுக்கினாலும் டிஸ்க் சாய்ந்து சுழல்கிறது. அந்தச் சாய்வு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தைப் பேடில் உரசச்செய்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடத்தை மெலிதாக்கிவிடுகிறது. புது டிஸ்க் போட்டும் சில மாதங்களில் உதறல் திரும்பி வந்தது என்று சொல்பவர்களின் காரில் பெரும்பாலும் இதுதான் காரணம். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்து டிஸ்கைச் சுற்றிப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். பல கார்களுக்கு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி. கேஜ் இல்லாத பட்டறையில் டிஸ்க் வளைந்துவிட்டது என்ற தீர்ப்பை ஏற்க வேண்டாம்.

கடைசல் பட்டறையில் டிஸ்கைச் சீவிச் சமன்செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. டிஸ்கின் விளிம்பிலோ நடுக்குழிவிலோ குறைந்தபட்சத் தடிமன் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். சீவிய பிறகும் அதற்கு மேல் தாராளமாக மிஞ்சினால் சீவலாம். ஆனால் நீலத் திட்டு விழுந்த டிஸ்கைச் சீவுவதில் பயனில்லை. கெட்டித் திட்டு மேற்பரப்புக்குக் கீழேயும் இறங்கியிருப்பதால், அது மற்ற இடங்களைவிட மெதுவாகத் தேய்ந்து மறுபடியும் மேடாக எழும்பிவிடும். மலையில் ஓடும் வண்டிக்கு எடை குறைந்த டிஸ்கை வைத்துக்கொள்வதைவிடப் புதிய சாதா டிஸ்க் ஒரு ஜோடி வாங்குவதே என் தேர்வு. துளையிட்ட, காடி வெட்டிய டிஸ்குகளைச் சீவுவது பட்டறைகளில் எளிதாக முடிவதில்லை என்பதையும் வாங்கும்போதே நினைத்துக்கொள்ள வேண்டும்.

உதறல் கையில் தெரியாமல் இருக்கையில் தெரிந்தால் பின்சக்கர டிரம்களைப் பாருங்கள். ஈரச் சாலையில் பலமாக மிதிக்கும்போது மட்டும் பெடல் படபடவென்று துடித்தால் அது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்வதன் அடையாளம், கோளாறு அல்ல.

மழையில் முதல் மிதிப்பு பிடிப்பதில்லை

துளையிட்ட டிஸ்குக்கும் காடி வெட்டிய டிஸ்குக்கும் நியாயமாகக் கிடைக்க வேண்டிய பாராட்டு இங்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கமும், ஐப்பசி கார்த்திகை மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் நீண்ட நேரம் பெடலைத் தொடாமல் வரும்போது டிஸ்கின் முகத்தில் நீர்ப்படலம் தங்குகிறது. முதல் மிதிப்பு அதைத் துடைக்கவே செலவாகிவிடுகிறது. துளையும் காடியும் அந்த நீருக்கு ஒதுங்க இடம் கொடுக்கின்றன. ஆயினும் சாதா டிஸ்க் உள்ளவர்களும், அவ்வப்போது பெடலை லேசாகத் தொட்டு டிஸ்கை உலர்த்திக்கொண்டே வந்தால் பெரும்பகுதி பயனைச் செலவில்லாமல் பெறலாம். இந்த ஒரு பயனுக்காக மட்டும் டிஸ்க் வகையை மாற்றுபவர் காடி வெட்டியதையே எடுக்கட்டும். துளைகளில் சேறும் பேட் பொடியும் நாளடைவில் அடைத்துக்கொள்கின்றன.

சத்தங்கள்

இரவு முழுவதும் பனியில் நின்ற கார் காலையில் முதல் சில மிதிப்புகளில் கரகரவென்று உரசினால் அது டிஸ்கின் மேல் படிந்த மெல்லிய துரு, தானாகவே நீங்கிவிடும். பெடலைத் தொட்டதும் கீச்சென்ற ஒலி விடாமல் வந்தால், தேய்மானம் காட்டும் தகடு டிஸ்கைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும்; பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மலைக்கு எடுக்காமல் மாற்றிவிடுங்கள். இரும்போடு இரும்பு அரைக்கும் ஓசை கேட்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். காடி வெட்டிய டிஸ்க் போட்ட பிறகு எழும் சீரான இரைச்சல் இயல்பானது.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

டயர்களின் காற்றழுத்தத்தை முதலில் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால், சமதளத்தில் சில கிலோமீட்டர் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, கையால் தொடாமல், இரு முன்சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தப் பக்கக் காலிப்பரின் பின்கள் இறுகியிருக்கும் அல்லது பிஸ்டன் திரும்பாமல் நிற்கும். ரப்பர் குழாய் உட்புறம் ஊறி அடைத்துக்கொண்டாலும் இப்படி ஆகும். மழையும் சேறும் நிறைந்த மலையில் காலிப்பர் பின்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அதற்குரிய கிரீஸ் போடுவது அவசியம். இறுகிய காலிப்பரோடு எந்த டிஸ்கைப் போட்டாலும் அது வெந்துபோகும்.

டிஸ்கில் விரிசல் தெரிகிறது

துளையிட்ட டிஸ்கை மலைக்குப் பரிந்துரைக்க நான் மறுப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். சூடேறி விரிவதும் குளிர்ந்து சுருங்குவதுமாக டிஸ்க் உழலும்போது, அதன் இறுக்கமெல்லாம் துளையின் விளிம்பில் குவிகிறது. விரிசல் அங்கே பிறந்து அடுத்த துளையை நோக்கி நடக்கிறது. சமவெளியில் நகரத்துக்குள் ஓடும் கார் இப்படிப்பட்ட சூட்டைக் காண்பதே இல்லை என்பதால், அங்கே துளையிட்ட டிஸ்கால் தொல்லை வராமல் ஆண்டுகள் ஓடலாம். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி இறக்கத்திலோ, மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் பாதையிலோ நிலைமை வேறு. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் சூடு, வளைவு முடிந்து ஓடும் சிறு நேரத்தில் குளிர்ச்சி, மறுபடியும் சூடு என்று டிஸ்க் ஒரே இறக்கத்தில் பலமுறை உழல்கிறது.

சக்கரத்தைக் கழற்றி, பகல் வெளிச்சத்தில் டிஸ்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். முகம் முழுவதும் மயிரிழைபோல் மெல்லிய கீறல்கள் பரவியிருந்து, நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படாவிட்டால், அவை மேலோட்டமான வெப்பக் கீறல்கள், கண்காணித்துக்கொண்டு ஓட்டலாம். நகம் சிக்கினாலோ, கீறல் ஒரு துளையிலிருந்து மறு துளையைத் தொட்டாலோ, டிஸ்கின் விளிம்பை எட்டினாலோ, அன்றே அதைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும். சாதா டிஸ்கை உள்ளூர் டிரில்லில் துளைத்துத் தருவதாக யாராவது சொன்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே காற்றுவழியைப் பிரிக்கும் சுவர்கள் எங்கே இருக்கின்றன என்பது வெளியிலிருந்து தெரியாது. சுவரைத் துளைத்த டிஸ்க் எப்போது பிளக்கும் என்று சொல்ல முடியாது. புகையும் சக்கரத்தின் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் குளிர்விப்பதும் வேண்டாம். சூடான வார்ப்பிரும்பு அந்த அதிர்ச்சியில் விரிசல் விடும். காற்றில் தானாக ஆறட்டும்.

வாங்குவதும் பொருத்துவதும்

மேலே சொன்ன சோதனைகளைச் செய்து, பிரேக் ஆயில், பேட், காலிப்பர் மூன்றும் சரியாக இருந்தும் டிஸ்க் மாற்றவேண்டிய நிலை வந்தால், காரின் அளவுக்குரிய, காற்றுவழி உள்ள நல்ல சாதா டிஸ்கே முதல் தேர்வு. தினமும் மலை இறங்கும் வண்டிக்கும், பேட் அடிக்கடி வழவழப்பாகிவிடும் வண்டிக்கும் காடி வெட்டியது. துளையும் காடியும் இரண்டும் உள்ள கலப்பு வகையில் துளையின் பலவீனம் அப்படியே இருக்கிறது. டிஸ்கை எப்போதும் ஓர் அச்சின் இரு பக்கமும் ஜோடியாக மாற்ற வேண்டும்; புது டிஸ்கோடு புதுப் பேடும் போட வேண்டும். இடது, வலது என்று குறியிடப்பட்டிருந்தால் மாற்றிப் பொருத்தக் கூடாது. ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துரு நீங்கத் தேய்த்து, டிஸ்கில் பூசியிருக்கும் பாதுகாப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்து, சக்கரப் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் உரிய அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

ஓட்டும் முறையையும் பட்டறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற மலைவழக்கம் இன்றைய கார்களுக்கும் பொருந்தும். ஆட்டோமேட்டிக் காரில் டி நிலையிலேயே விட்டுவிடாமல், எல் அல்லது கைமுறை நிலைக்கு மாற்றிக் கீழ்க்கியரில் பிடித்துவைக்க வேண்டும். பெடலைத் தொடர்ந்து லேசாக அழுத்திக்கொண்டே வருவதைவிட, ஒருமுறை உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை முழுவதும் எடுத்துவிடுவது டிஸ்குக்கு ஆற நேரம் தரும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் உதகையிலோ கொடைக்கானலிலோ பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்க வேண்டாம். நிரம்பிய பேட்டரி இறக்கத்தில் வரும் மின்சாரத்தை ஏற்காது, அந்த வேலை முழுவதும் டிஸ்குக்கு வந்து சேரும்.

புது டிஸ்கும் பேடும் ஒன்றோடொன்று படிவதற்கு முன் மலை இறங்கக் கூடாது. மலைமேல் பொருத்தியிருந்தால், போக்குவரத்துக் குறைந்த, அதிகம் சரியாத ஒரு சாலையில், பின்னால் வண்டி இல்லாதபோது மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 15 வரை மிதமான அழுத்தத்தில் எட்டுப் பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். முழுவதுமாக நிற்க வேண்டாம்; ஒவ்வொன்றுக்கும் நடுவே சிறிது தூரம் ஆறவிடுங்கள். பிறகு பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, வண்டியை முழுக்க ஆறவிட்டு நிறுத்துங்கள். முதல் 300 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக்கைத் தவிர்த்து, அதன்பின் சக்கரப் போல்ட்டுகளின் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டு முதல் இறக்கத்துக்குப் புறப்படலாம்.